வீட்டில் இருப்பவளுக்குப் பேர் போடுவதில்லை

(உலக அல்சைமர் தினத்தையொட்டி, 2025 செப்டம்பரில் மடுல்சீமையில் கூடிய தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் நமது சங்கத்தின் மாதர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை.)



இன்றைக்கு நான் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று வாசலில் இரண்டு தலைவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. சம்பளத்துக்குத்தான் வரப் போகிறேன். ஆனால் எங்கள் அம்மாவில் இருந்து தொடங்கினால்தான் அங்கே வந்து சேர முடியும்.

அம்மா 38 வருடம் கொழுந்து எடுத்தவர். பதினாறு வயதில் பேர் பதிந்தார். எங்கள் டிவிசனில் எந்த மலையில் எந்தப் பக்கம் வழுக்கும், எந்தக் கானில் அட்டை கூடுதல் என்று அவரைக் கேட்டுத்தான் புதுப் பிள்ளைகள் போவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரம் மூன்று முறை போட்டார். பிறகு பேரனை அவர் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அந்தத் தம்பி, அதாவது என் மாமா, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அம்மா மட்டும் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு, “தம்பி இன்னும் வரல, கப்பல் போயிருமே” என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வயசாளி, அப்படித்தான் இருப்பாங்க என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. படங்கைக் காணோம். அப்பா செத்த பிறகு சுவரில் தொங்கிக்கொண்டிருந்த பழைய கூடையைக் காணோம். லயமே டார்ச் எடுத்துக்கொண்டு தேடியது. ஏழாம் நம்பர் மலையில் கண்டுபிடித்தோம். பனியில் நனைந்து, இருட்டில் முற்றல் இலையைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும், “தப்படிச்சாச்சு, ஏன் இன்னும் பெரட்டுக்கு வரல?” என்று என்னைத்தான் திட்டினார். தப்படித்து ஆளை எழுப்பிய காலம் முடிந்து எத்தனை வருடம் ஆயிற்று! அம்மாவுக்கு மட்டும் அது முடியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கோடாங்கி வைத்துப் பார்த்தோம். செய்வினை என்றார்கள். சேவல் அறுத்து, கயிறு கட்டி, அப்பாவின் சேமலாபப் பணத்தில் மிச்சம் இருந்ததும் அதில் போனது. கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மனதுக்கு அது வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் காசையும் சேர்த்து அங்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றரை வருடம் கழித்துத்தான் அம்மாவை டாக்டரிடம் காட்டினோம். இது டிமென்ஷியா, மறதி நோய், மூளையில் வருகிற வியாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அல்சைமர் என்பது அதில் கூடுதலாக வருகிற ஒரு வகை. பாரிசவாதம் வந்த பிறகும், பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு மூளையில் ரத்த ஓட்டம் கெட்டும் வருகிற வகை இன்னொன்று. முற்றாகக் குணமாக்க மருந்து இல்லை. சிலருக்குச் சில காலம் தாமதப்படுத்தும் மாத்திரை உண்டு.

அதோடு டாக்டர் ஒன்று சொன்னார், அதைத் தலைவிமார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மறதி எல்லாம் இந்த நோய் அல்ல. தைராய்டு குறைந்தாலும், பி 12 சத்துக் குறைந்தாலும், மனம் நொந்து போனாலும், விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலும் இதே மாதிரி தெரியும். அவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் செய்யலாம். நேற்று வரை நன்றாக இருந்த ஆள் இன்று திடீரென்று உளறினால், அது சலக் கிருமியாகவோ நெஞ்சுச் சளியாகவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 1990க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வரும். மனநலம் பற்றிக் கேட்க 1926 இருக்கிறது.

இனி, இந்த மேடையில் சொல்ல வெட்கமான ஒன்று. ஒரு கொழுந்து காலத்தில், வீட்டில் அரிசி இல்லாத ஒரு நாள், நான் அம்மாவைக் கட்டிலின் காலோடு அவருடைய பழைய சேலையால் கட்டிவிட்டு மலைக்குப் போனேன். பக்கத்துக் காம்பராவில் பாட்டி ஒருவர் இருந்தார், பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பகல் நிறுவைக்கு இறங்கி ஓடி வந்து பார்த்தால் கையில் தோல் உரிந்திருந்தது. அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, “துரைசாணி, அவுத்து விடுங்க, கொழுந்து கெடக்கு” என்றார். பெற்ற பிள்ளை என்று தெரியவில்லை, துரைசாணி என்று நினைத்துக் கெஞ்சினார்.

அடுத்த நாளில் இருந்து நான் வேலைக்குப் போகவில்லை. மூன்று வருடம்.

இங்கே தலையைக் குனிந்துகொண்டிருக்கிற இரண்டு மூன்று பேரை நான் பார்க்கிறேன். எல்லா டிவிசனிலும் ஒரு கதவு வெளியில் பூட்டியிருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. கட்டிப் போட்டவள் கெட்டவள் என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, மனமும் இல்லை. அவளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. அதைத்தான் இன்று பேச வந்தேன்.

எத்தனை பேருக்கு இது இருக்கும்? ராகமையில் வைத்தியர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து 2003இல் எழுதினார்கள். 65 வயது தாண்டிய 703 பேரைப் பார்த்ததில் 28 பேருக்கு மறதி நோய் இருந்தது. நூற்றுக்கு நான்கு. ராகமை நமது ஊர் இல்லைதான். ஆனால் கணக்கை எடுத்துப் பாருங்கள்: 65 தாண்டிய நூறு பேர் உள்ள தோட்டம் என்றால் நான்கு வீடு. அந்த நான்கு வீட்டிலும் ஒரு பெண் மலைக்குப் போகாமல் நிற்கிறாள், அல்லது பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த நோய். அவர்களைப் பார்க்கிற வேலையில் நூற்றுக்கு எழுபது மணித்தியாலம் பெண்கள் தலையில். ஜெனீவாவில் எழுதியிருப்பதைப் படித்தபோது, இதற்கு ஜெனீவாவா வேண்டும், எங்கள் லயத்துக்கு வந்தால் போதுமே என்று நினைத்தேன்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன்.

2025இல் நமது அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபா. மாதம் 20 பேர் விழும் என்று வைத்துக்கொண்டால் 27,000. வீட்டில் நிற்கிறவளுக்கு அந்த 27,000 போயிற்று. அதோடு நின்றால் பரவாயில்லை. தோட்டம் அவள் பேரில் கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம், இரண்டும் சேர்த்து மாதம் 4,050 ரூபாவும் போயிற்று. சேவைக்காலப் பணமும் குறையும். நாள் சம்பளக்காரருக்கு 1983ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். எனக்கு மூன்று வருடம் போனது என்றால் 42 நாள் சம்பளம் போனது. அம்மாவின் முதுமையைப் பார்த்ததில் என் முதுமைக்குச் சேர வேண்டியது கரைந்துபோனது. நாளைக்கு எனக்கு இந்த நோய் வந்தால் என் மகள் நிற்பாள், அவளுடையதும் கரையும்.

மலையில் கால் நாள் நின்றாலும் கங்காணி ஏதோ ஒரு கணக்கு எழுதுவார். அரைப் பேராவது விழும். இரவு மூன்று தடவை எழும்பி, ஈரத் துணி மாற்றி, குளிப்பாட்டி, ஊட்டி, ஓடினால் பின்னால் ஓடி, “நீ யாரு?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லி நிற்கிறவளுக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் இல்லை. “வீட்டில சும்மா இருக்கா” என்கிறார்கள்.

அரசாங்கம் என்ன தருகிறது? 70 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கு மாதக் கொடுப்பனவு இருக்கிறது. 3,000 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆக்கினார்கள். நல்லதுதான், கூட்டியதை நாம் வரவேற்றோம். ஆனால் 5,000 என்பது நமது நாலு நாள் சம்பளத்துக்கும் குறைவு. படுக்கையில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கவே பெரும்பகுதி போய்விடும். இன்னொன்று, நம் ஆட்கள் அறுபதில் ஓய்வு பெறுகிறார்கள். சேமலாபப் பணம் ஒரே தடவையாக வருகிறது, கடனுக்கும் கலியாணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் போகிறது. அரசாங்க உத்தியோகத்தருக்குச் சாகும்வரை மாதாமாதம் ஓய்வூதியம். நமக்கு அறுபதில் இருந்து எழுபது வரை பத்து வருடம் வெறும் கை. அம்மாவுக்கு நோய் தொடங்கியது 66 வயதில்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது, கைவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம் என்கிறது. சரியான சட்டம். ஆனால் நாள் சம்பளத்தில் நிற்கிற பிள்ளையிடம் கேட்பதற்குச் சட்டம் இருக்கிற அளவுக்கு, அந்தப் பிள்ளைக்குத் தோள் கொடுக்கச் சட்டம் இல்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

இப்போது நாம் உடனே கையில் எடுக்கக்கூடிய ஒரு விஷயம். தலைவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் மற்றவற்றைவிட இதில் வெற்றி கிட்டும் என்று நான் நம்புகிறேன். வருமானம் குறைந்த, வலது குறைந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு இதே வரவு செலவுத் திட்டத்தில் 7,500இல் இருந்து 10,000 ஆயிற்று. வலது குறைந்தவர் என்றால் கால் இல்லாதவர், கண் தெரியாதவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். கிராம உத்தியோகத்தர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். உடலிலோ மனத்திலோ உள்ள குறையினால், அது பிறவியில் வந்ததோ பிறகு வந்ததோ, தன் வாழ்க்கைத் தேவைகளை முழுவதுமாகவோ ஓரளவுக்கோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் எவரோ அவர் வலது குறைந்தவர் என்று அதில் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்குச் சோற்றைத் தட்டில் வைத்தாலும் அதைச் சாப்பிட வேண்டும் என்பது தெரியாது. இதைவிட வேறு என்ன வேண்டும்?

நான் விண்ணப்பம் கொண்டு போனபோது ஒரு அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “அம்மா நடக்கிறாங்களே.” நடக்கிறார்தான், அதுதானே எங்கள் கஷ்டமே! நடக்காமல் இருந்தால் தேட வேண்டி இருக்காது. அந்த அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. மறதி நோய் உள்ளவர் இந்தக் கொடுப்பனவுக்கு உரியவர் என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தால் அவருக்கும் வேலை சுலபம், நமக்கும் வாக்குவாதம் இல்லை. அமைச்சிடம் அந்தச் சுற்றறிக்கையை நமது சங்கம் கேட்க வேண்டும். முதியோர் பணம் எடுத்தால் இது இல்லை, இது எடுத்தால் அது இல்லை என்று வெட்டக் கூடாது என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

அதற்கு டாக்டரின் கடிதம் வேண்டும். கடிதத்துக்குக் கிளினிக் வேண்டும். மடுல்சீமையில் இருந்து பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளைக்குப் போய், வரிசையில் நின்று, மறதிக்காரரை வைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அம்மா பாதியில் இறங்கப் பார்த்தார், கண்டக்டர் தம்பி பிடித்துக்கொண்டார். ஆகவே மாதம் ஒரு தடவையாவது மனநலக் குழு ஒன்று இந்தப் பக்கம் ஏறி வர வேண்டும். வருகிற குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். ஏன் சொல்கிறேன் என்றால், ஞாபகத்தைச் சோதிக்க அவர்கள் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, இன்று என்ன தேதி, நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இதை எழுதுங்கள் என்று. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத, தேதியைச் சம்பள நாளை வைத்து மட்டும் எண்ணுகிற ஒரு கொழுந்துக்காரி, நோயே இல்லாவிட்டாலும் அதில் தோற்றுப் போவாள். அதிலும் தெரியாத பாஷையில் கேட்டால்? 1998இல் கொச்சியில் கூடித் தொடங்கிய 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு இதைக் கவனித்து, படிப்பில்லாதவர்களுக்கும் பொருந்துகிற சோதனை முறையை உண்டாக்கியிருக்கிறது. அந்தப் பெயரே ஒரு கணக்கு. மறதி நோயாளரில் நூற்றுக்கு 66 பேர் நம்மைப் போன்ற ஏழை நாடுகளில், ஆனால் ஆராய்ச்சியில் பத்து வீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. எங்கள் பக்கம் வருகிற டாக்டர்மார் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கட்டும். ஏழாம் நம்பர் மலைக்கு எப்படிப் போவது என்று கேட்கட்டும்.

அடுத்தது பிள்ளைக்காம்பரா.

நம் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா ஏன் வந்தது? வெள்ளைக்காரத் துரைக்கு நம் பிள்ளைகள் மேல் பாசமா? தாய் மலைக்கு வர வேண்டும் என்றால் பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும். கொழுந்துக்காகத்தான் வந்தது. பிறகு சங்கங்கள் போராடி, பாலும் விளையாட்டுச் சாமானும் பயிற்சி பெற்ற ஆயாவும் வந்தார்கள். இன்று இளம் குடும்பங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய், சில தோட்டங்களில் அந்த அறையில் ஐந்து ஆறு பிள்ளைகள்தான் இருக்கின்றன. முதியோரோ கூடிக்கொண்டே போகிறார்கள். 2012 குடிசன மதிப்பிலேயே இந்த நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 தாண்டியவர்கள். அப்படியானால் அதே நியாயம் பெரியவர்களுக்கும் பொருந்தாதா? மூன்று டிவிசனுக்கு ஒரு பகல் அறை. காலையில் கொண்டு வந்து விடலாம், நாலரைக்குக் கூட்டிப் போகலாம்.

செலவு என்று துரைமார் சொல்வார்கள். கணக்கோடு போவோம். இரண்டு பெண்களைப் பேர் போட்டு நிறுத்தினால், 25 நாளைக்கு 67,500 ரூபா. சேமலாப, நம்பிக்கை நிதியோடு 77,625. அந்த அறைக்கு எட்டு முதியவர் வந்தால், எட்டுப் பெண்கள் மலைக்குத் திரும்புகிறார்கள். ஆளுக்கு 18 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 144 கிலோ கொழுந்து, மாதத்துக்கு 3,600 கிலோ. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நிர்வாகம் சொல்கிறதே, அந்த ஆள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். செலவு முழுவதையும் தோட்டம் தலையில் போடச் சொல்லவில்லை. தோட்டம், அரசாங்கம், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் மூன்றும் பகிரட்டும். சங்கமும் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும். சந்தா வாங்குகிறோமே!

இது நடக்காத கனவு என்று நினைக்காதீர்கள். கேரள அரசு 2014இல் ஸ்மிருதிபதம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, மறதி நோயாளருக்குப் பகல் பராமரிப்பு நிலையத்தைத் திருச்சூர் மாவட்டத்தில் திறந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சீனி மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுக்கையில் கிடப்பவரையும் வீட்டில் வந்து பார்க்கிறார்கள். கோவாவில் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து, மறதி நோயாளர் இருக்கிற வீடுகளுக்கு அனுப்பினார்கள். 81 குடும்பங்களை வைத்து ஆறு மாதம் பார்த்ததில், நோயாளரைப் பார்க்கிறவர்களின் மனப் பாரம் குறைந்திருந்தது என்று 2008இல் எழுதினார்கள். டாக்டர் அல்ல, நர்ஸ் அல்ல, ஊர்ப் பெண்கள். நம் தலைவிமாரால் முடியாதா? இலங்கையில் கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் 2001இல் இருந்து இந்த வேலையைச் செய்கிறது. கொழும்புக்கு நாம் போவது கஷ்டம். பயிற்சி கொடுக்க அவர்களை இங்கே அழைக்கலாம்.

முதியோர் இல்லம் கட்டினால் என்ன என்று ஒரு தலைவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, யாருமே இல்லாதவருக்கு அது வேண்டும். ஆனால் மறதி நோயாளருக்குப் பழகிய இடம்தான் மருந்து. எங்கள் அம்மாவுக்கு என் பெயர் தெரியாது, பீலிக்குப் போகிற படி எத்தனை என்று கால் சொல்லும்.

வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. வாக்குவாதம் பண்ணாதீர்கள். “மாமா இந்தியாவுக்குப் போய் ஐம்பது வருசமாச்சு” என்று நான் ஒவ்வொரு நாளும் விளக்கினேன், ஒவ்வொரு நாளும் அம்மா புதிதாக அழுதார். இப்போது, “கப்பல் நாளைக்குத்தான்” என்கிறேன். அமைதியாகி விடுகிறார். வேலை கொடுங்கள். எங்கள் அண்ணி ஒரு தட்டில் தேயிலை இலையைப் போட்டுக் கொடுப்பாள், அம்மா கொழுந்தையும் முற்றலையும் பிரித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்பார். கை மறக்கவில்லை. கதவில் ஒரு மணி கட்டுங்கள், திறந்தால் சத்தம் கேட்கும். ஜாக்கெட்டின் உள்பக்கம் தோட்டத்தின் பெயரும் ஒரு போன் நம்பரும் தைத்து விடுங்கள். இந்தப் பக்கம் உலக முடிவு மாதிரிப் பள்ளங்கள் இருக்கின்றன, இருட்டில் ஒரு அடி தவறினால் போதும். லயத்துக்கு எல்லாம் சொல்லி வையுங்கள். மறைத்து வைத்தால் ஆபத்துக்கு யாரும் வர மாட்டார்கள். அடுப்பில் நெருப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தி தெளிவாக இருக்கிற ஆரம்பத்திலேயே வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள் எங்கே என்று குடும்பத்தில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நோய் முற்றிய பிறகு பெருவிரலைப் பிடித்து அமுக்கிக் கையெழுத்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், சொந்தக்காரர்களிலும் இருக்கிறார்கள். அப்படி எழுதி வாங்கியது செல்லாது. சந்தேகம் என்றால் பதுளையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வசதி இல்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள்.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோயில் கிட்டத்தட்ட 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ வழி உண்டு என்று லான்செட் ஆய்வுக் குழு 2024இல் 14 காரணங்களை எடுத்துச் சொன்னது. பிரஷர், சீனி, புகைத்தல், அளவில்லாத குடி, தலையில் அடி, தனிமை, குறைந்த படிப்பு, காது கேளாமை, கண் மங்கல் எல்லாம் அதில் வருகின்றன. ஸ்டோரில் ரோலர் சத்தத்தில் முப்பது வருடம் நிற்கிற அண்ணன்மாரின் காதை யாராவது சோதித்தார்களா? கண்ணாடி போட வேண்டியவர்கள் எத்தனை பேர் போடாமல் இருக்கிறார்கள்? டிஸ்பென்சரியில் மாதம் ஒரு தடவை பிரஷரும் சீனியும் பார்க்கச் சொல்லி நாம் வற்புறுத்துவதும் இந்த வேலைதான்.

கடைசியாக ஒரு வேலை. தலைவிமார் கையில் இப்போது ஒரு தாள் வரும். அடுத்த சம்பளத்துக்குள் ஒவ்வொரு டிவிசனிலும் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிரப்பித் தர வேண்டும். பெயர் எழுத வேண்டாம். லய நம்பர், வயது, வீட்டில் நின்று பார்ப்பவர் யார், அவர் எத்தனை மாதமாக வேலைக்குப் போகவில்லை, இது போதும். பூட்டிய கதவு இருந்தால் தட்டுங்கள், திட்டாதீர்கள். உள்ளே போய் ஒரு பிளேன்டீ கேட்டுக் குடித்துவிட்டு உட்காருங்கள், அவர்களே சொல்வார்கள். அந்தத் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் பிரதேச செயலகத்துக்கும் அமைச்சுக்கும் போகப் போகிறோம். எண்ணிக்கை இல்லாமல் போனால், “உங்க பக்கம் அப்படி யாரும் இல்லையே” என்பார்கள்.

கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். எனக்கு நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அண்ணி இன்றைக்கு அரைப் பேரோடு மலையில் இருந்து இறங்கி அம்மாவோடு இருக்கிறாள்.